எடைக்குப் போன ஏடுகளைத் தேடியவர்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டது ரிச்சர்டு ராலின்சன் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கை. 1690ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் பிறந்து, 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இஸ்லிங்டனில் மறைந்தவர். அவர் எழுதிய நூல்களை இன்று ஆசையாக எடுத்துப் படிப்பவர் இல்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதுகிற ஓர் ஆய்வாளரின் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ராலின்சன் ஏ, ராலின்சன் பி, ராலின்சன் சி, ராலின்சன் டி என்று அடிக்குறிப்புகளில் அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும். அவர் சேர்த்துவைத்த தாள்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகம் இட்ட வரிசைப் பெயர்கள் அவை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள்! ஒரு தனிமனிதர், ஒரே வாழ்நாளில், பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் சேர்த்தவை.

எப்படிச் சேர்த்தார்? ஏன் சேர்த்தார்? யாருக்காகச் சேர்த்தார்? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கைக்குள் நுழைவோம்.

அப்பா சர் தாமஸ் ராலின்சன் திராட்சை மது வணிகர். 1705இல் லண்டன் மாநகரத் தலைவராகும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றவர். ரிச்சர்டு செயின்ட் பால்ஸ் பள்ளியிலும் ஈட்டனிலும் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். இந்தக் கல்லூரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தில் அது மறுபடியும் வரும்.

வீட்டில் அவருக்கு முன்னால் ஒரு புத்தகப் பித்தர் இருந்தார். மூத்தவர் தாமஸ். அப்பா பெயரே அண்ணனுக்கும். கிரேஸ் இன் வளாகத்தில் தாமஸுக்கு நான்கு அறைகள் இருந்தன. நான்கும் புத்தகங்களால் நிறைந்துபோயின. படுக்க இடமில்லாமல், படுக்கையை வெளி நடையில் போட்டுக்கொண்டு தூங்கினார். எழுத்தாளர் அடிசன் 'டாட்லர்' இதழில் டாம் ஃபோலியோ என்று ஒரு பாத்திரத்தைப் படைத்துக் கேலி செய்தாரே, அது இந்தத் தாமஸைத்தான் என்பார்கள். பதிப்பாண்டு தெரியும், அச்சிட்டவர் பெயர் தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்று மட்டும் தெரியாது என்பது அந்தக் கேலி. அது நியாயமற்ற கேலி என்பது என் எண்ணம். பதிப்பாண்டும் அச்சிட்டவர் பெயரும் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால், அடுத்த தலைமுறை எந்தப் பிரதியை நம்பிப் படிக்கும்?

நான்கு அறைகள் போதாமல் தாமஸ் ஆல்டர்ஸ்கேட் தெருவில் லண்டன் ஹவுஸ் என்ற பெரிய மாளிகைக்குக் குடிபோனார். ஒருகாலத்தில் லண்டன் ஆயர்கள் தங்கியிருந்த இடம் அது. அதுவும் நிறைந்தது. புத்தகங்களோடு கடனும் சேர்ந்து வளர்ந்தது. 1721 முதல் நூல்களை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1725இல் தாமஸ் இறந்தார். ஏலம் அதோடு முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் பதினாறு ஏலங்கள்! கடைசியில் 1734இல் அண்ணனின் கையெழுத்துச் சுவடிகளும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, ஏலத்தில் போயின. கடனைத் தீர்க்க, அண்ணன் மறைவுக்குப் பிந்தைய விற்பனைகளை முன்னின்று நடத்தியவர் தம்பி ரிச்சர்டுதான். நடத்திக்கொண்டே, தம்மால் முடிந்ததை விலை கொடுத்துத் தாமே வாங்கினார்.

நண்பர்களே, அந்த ஏலக் கூடத்தில் அந்தத் தம்பி எதைக் கற்றுக்கொண்டிருப்பார்? பெயர்பெற்ற நூலுக்குப் போட்டி போட ஆள் வருவார்கள். அழகிய படம் வரைந்த சுவடிக்குச் சீமான்கள் வருவார்கள். முகப்புக் கிழிந்த கணக்கேட்டுக்கு யார் வருவார்கள்? உரிமையாளன் பெயர் தெரியாத கடிதக் கட்டுக்கு யார் வருவார்கள்? யாரும் வரமாட்டார்கள். யாரும் வராத அந்தப் பொருள்களைத்தான் ரிச்சர்டு தமக்கென்று எடுத்துக்கொண்டார்.

இங்கே அந்தக் காலத்துக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் தாள் வார்க்க இயந்திரம் கிடையாது. கந்தல் துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சட்டத்தில் ஒவ்வொரு தாளாகக் கையால் வார்த்தெடுத்தார்கள். அதனால் தாளுக்கு விலை அதிகம். எழுதி முடித்த தாளும் வீணில்லை. மளிகைக் கடைக்காரர் சாமான் பொட்டலம் கட்ட அதை எடைக்கு வாங்குவார். மெழுகுவத்திக் கடைக்காரர் சுற்றிக் கொடுக்க வாங்குவார். புத்தகம் கட்டுபவர் அட்டைக்குள் ஒட்ட வாங்குவார். தோல் ஏடு என்றால் இன்னும் நல்லது: வெட்டிப் பட்டையாக்கலாம், காய்ச்சிப் பசையாக்கலாம். ஒரு பெரிய மனிதர் இறந்தால் நிலத்துக்கும் நகைக்கும் வாரிசுகள் சண்டை போடுவார்கள். அவருடைய மேசையில் கிடந்த தாள்களை வேலைக்காரன் கூடையில் அள்ளிக் கடைக்குக் கொண்டுபோவான். அரசின் இரகசியமும் ஆயரின் கடிதமும் அப்படித்தான் சர்க்கரைப் பொட்டலமாயின.

ராலின்சன் அந்தக் கடைகளின் வாசலில் ஆள் வைத்தார். உண்மையாகவே முகவர்களை நியமித்தார். கடை கடையாகப் போய், எடைக்கு வந்த தாளில் கையெழுத்தாக எது இருந்தாலும் வாங்கிவரச் செய்தார். கேன்டர்பரி பேராயர் வில்லியம் வேக் 1737இல் இறந்தார். தம் கையெழுத்துச் சுவடிகளையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் இறந்தார். அப்படியிருந்தும் அவருடைய தாள்களில் சில எங்கே கிடைத்தன தெரியுமா? மெழுகுவத்திக் கடையில்! இங்கிலாந்தின் தலைமைப் பேராயரின் தாள்கள்! இது மன்னிக்க முடியாத செயல் என்று ராலின்சன் ஒரு கடிதத்தில் கொதித்து எழுதினார். எரிக்கச் சொல்லிக் கொடுத்ததை வேலைக்காரர் எவராவது விற்றிருக்கலாமோ என்றும் அதிலேயே ஐயப்பட்டார்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் அந்தக் கொதிப்பு வருகிறது. பேராயரின் தாளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் இல்லாதவர்களின் தாள்கள் எத்தனை எத்தனை அந்தக் கடைகளில் கிழிந்திருக்கும்!

சரி, இப்படித் தேடிய மனிதர் எப்படிப்பட்டவர்? இதைச் சொல்லாமல் அவருடைய பெருமை விளங்காது. அவர் தோற்ற கட்சிக்காரர்.

1688இல் இங்கிலாந்தில் ஆட்சி மாறியது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். வில்லியமும் மேரியும் அரியணை ஏறினார்கள். குருமார்கள் அனைவரும் புதிய அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 'முன்னவர் உயிரோடு இருக்கிறார், அவருக்குக் கொடுத்த வாக்கும் உயிரோடு இருக்கிறது' என்று சொல்லிச் சுமார் நானூறு குருமார்கள் மறுத்துவிட்டார்கள். பதவி போயிற்று, வருமானம் போயிற்று. வாக்கை விடவில்லை. அவர்கள் தனிச் சபையாக ஒதுங்கி வாழ்ந்தார்கள். ரிச்சர்டு ராலின்சன் அந்தச் சபையில் சேர்ந்தார். 1716இல் குருவானார். 1728இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயர் என்ற பட்டத்தை வெளியில் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஊருக்கு அவர் டாக்டர் ராலின்சன், அவ்வளவுதான்.

இடையில் 1720 முதல் ஆறு ஆண்டுகள் ஐரோப்பாவெங்கும் சுற்றினார். பிரான்சு, இத்தாலி என்று போய், போகுமிடமெல்லாம் நாணயம், பதக்கம், முத்திரை அச்சு, சுவடி என்று வாங்கிக் குவித்தார். ஓடிப்போன மன்னரின் மகன் ரோமாபுரியில் நாடிழந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அவரையே உண்மையான அரசராக மனத்தில் வைத்திருந்தார் ராலின்சன். அண்ணன் இறந்த செய்தி கேட்டு 1726இல் லண்டன் திரும்பினார்.

இப்போது கவனியுங்கள். இப்படிப்பட்ட ஒருவர், முடியாட்சிக்காகத் தம் வாழ்வையே ஒதுக்கிவைத்த ஒருவர், யாருடைய தாள்களைக் காப்பாற்றினார்?

ஜான் தர்லோ என்று ஒருவர். மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட பிறகு நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லுக்கு அரசுச் செயலர் அவர். ஒற்றர் படையை நடத்தியவரும் அவரே. ராலின்சனின் கொள்கைப்படி பார்த்தால் அது கொலைகாரர்களின் ஆட்சி. முடியாட்சி திரும்பி வந்தபோது தர்லோவின் கடிதங்களும் ஒற்றர்களின் அறிக்கைகளும் மறைந்துபோயின. லண்டனில் லிங்கன்ஸ் இன் வளாகத்தில் அவர் இருந்த அறையின் மேல்தளத்தில், பொய்க் கூரைக்கு மேலே, ஒளித்துவைக்கப்பட்டுக் கிடந்தன! வில்லியம் மன்னர் காலத்தில் யாரோ தற்செயலாகக் கண்டெடுத்தார்கள். கை மாறிக் கை மாறி, ஒரு புத்தக வணிகரிடம் வந்தன. 1742இல் தாமஸ் பர்ச் என்பவர் அவற்றை ஏழு பெருந்தொகுதிகளாக அச்சிட்டார். அச்சாகிவிட்டதே, இனி மூலம் எதற்கு என்று உலகம் நினைக்கும் நேரம் அது. ராலின்சன் மூலத்தை வாங்கினார். அறுபத்தேழு தொகுதிகள்! எதிரியின் தாள் என்று அவர் தள்ளவில்லை. அச்சானது போதும் என்றும் நினைக்கவில்லை. இன்று கிராம்வெல் ஆட்சியை ஆராய்பவர் எவரும், அந்த ஆட்சியை மனமார வெறுத்த ஒரு மனிதருக்குத்தான் கடன்பட்டிருக்கிறார்.

என் உரையில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்குப் பிடித்தவர்களின் ஏட்டைக் காப்பது பற்று. நமக்குப் பிடிக்காதவர்களின் ஏட்டையும் அதே கையால் காப்பதற்கு வேறொரு மனம் வேண்டும். ராலின்சனுக்கு அந்த மனம் இருந்தது.

இன்னொரு சேர்க்கையைப் பாருங்கள். சாமுவேல் பீப்ஸ். கடற்படை அலுவலகத்தின் பெரிய அதிகாரி. அவருடைய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது, அது கேம்பிரிட்ஜில் மாடலன் கல்லூரியில் இருக்கிறது. அழகாகக் கட்டிய அவர் நூலகம் அப்படியே அங்கே போயிற்று. அந்த நூலகத்துக்குள் போகாமல் வெளியே நின்றவை என்ன ஆயின? கடற்படைக் கணக்குகள், கடிதங்கள், செலவுச் சீட்டுகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் ராலின்சனிடம் வந்து சேர்ந்தன. நாட்குறிப்பை 1669இல் பீப்ஸ் நிறுத்திவிட்டார். அதற்குப் பிந்தைய பீப்ஸை அறிய வேண்டுமா? ராலின்சன் கட்டுகளிடம்தான் போக வேண்டும்.

தாமஸ் ஹெர்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞரையும் சொல்ல வேண்டும். போட்லியன் நூலகத்தில் துணை நூலகர். அவரும் உறுதிமொழி மறுத்தவர், அதற்காக 1716இல் வேலையை இழந்தவர். அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் நூற்று நாற்பத்தைந்து சிறு ஏடுகளில் எழுதிவைத்துவிட்டு 1735இல் இறந்தார். அவருடைய சுவடிகளை வாரிசாகப் பெற்றவரின் மனைவியிடமிருந்து 1747இல் நூறு கினி கொடுத்து ராலின்சன் வாங்கினார். உயிரோடிருக்கும் பலரைப் பற்றிய கடுமையான சொற்கள் அவற்றில் இருந்தன. தாம் இறந்து ஏழாண்டுகள் கழிந்தபின்பே சில தாள்களைத் திறக்க வேண்டும் என்று உயிலில் விதித்தார். எதையும் எரிக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. காலத்திடம் ஒப்படைத்தார்.

அதே 1747ஆம் ஆண்டில் சாண்டோஸ் பிரபுவின் நூலகம் ஏலத்துக்கு வந்தது. அங்கே சில அயர்லாந்துச் சுவடிகள். ஐரிய மொழி லண்டனில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராலின்சனுக்கும் அந்த மொழியில் புலமை கிடையாது. ஆனாலும் வாங்கினார். இன்று ராலின்சன் பி 502 என்று அழைக்கப்படும் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவடி அப்படித்தான் பிழைத்தது. அயர்லாந்தின் பழைய வமிச வரலாறுகளுக்கும் செய்யுள்களுக்கும் அது பெருங்களஞ்சியம். இனிஸ்ஃபாலன் ஆண்டுக்குறிப்புகள் என்ற வரலாற்று ஏடும் அவரிடம் வந்ததே. படிக்கத் தெரியாத மொழியின் ஏட்டைப் பணம் கொடுத்து வாங்கியவரை வெறும் பித்தர் என்று சொல்லிவிட முடியுமா?

பயன் உடனே தெரியவில்லை என்பது உண்மை. எப்போது தெரிந்தது? கேளுங்கள்.

1891ஆம் ஆண்டு. ராலின்சன் மறைந்து நூற்று முப்பத்தாறு ஆண்டுகள். ஸ்கீட் என்ற பேராசிரியர், சாசரின் காவியம் ஒன்றைக் கொண்ட ராலின்சன் சுவடியைப் புரட்டுகிறார். காவியம் முடிந்த இடத்தில் ஒரு சிறு பாட்டு. ரோசமண்ட் என்ற பெண்ணைப் பாடும் பாட்டு. சாசர் பெயரோடு இருக்கிறது. உலகில் வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்படும் சாசரின் பாட்டு ஒன்று ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அப்படி வெளிப்பட்டது.

ராலின்சன் டி 913 என்று ஒரு கட்டு. பல இடங்களில் கிடைத்த உதிரித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. அதன் முதல் ஏடு ஒடுக்கமான ஒரு தோல் துண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ அதில் பாட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் அயர்லாந்துப் பெண் ஒருத்தி தன்னோடு ஆட வரும்படி அழைக்கிறாள். இன்னொன்று மேட்டு நிலத்தில் தனியே கிடந்த கன்னியைப் பற்றியது. அரசவைப் புலவர் பாடியவை அல்ல இவை. சாதாரண மக்கள் வாயில் வழங்கிய ஆடல் பாட்டுகள். எழுத்தில் ஏறாமலே அழிந்துபோகிற வகை. அந்த அயர்லாந்துப் பெண்ணின் குரல் கவிஞர் யேட்ஸின் காதுக்கு எட்டி, இருபதாம் நூற்றாண்டில் அவருடைய கவிதை ஒன்றுக்குப் பல்லவியாயிற்று. ஒரு துண்டுத் தோல், நண்பர்களே! எந்த ஏலத்திலும் தனியாக விலை போயிருக்காத ஒரு துண்டு!

1985இல் இன்னொன்று. ராலின்சன் கவிதைச் சுவடி ஒன்றில் ஷேக்ஸ்பியர் பெயரிட்ட ஒரு பாட்டை கேரி டெய்லர் என்ற ஆய்வாளர் முன்னால் கொண்டுவந்தார். உலக நாளிதழ்களில் முதல் பக்கச் செய்தியாயிற்று. அது ஷேக்ஸ்பியர் எழுதியது அல்ல என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இருந்தாலும், இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்தவரின் கட்டிலிருந்து ஒரு தாள் எழுந்து உலகத்தையே வாதிட வைத்ததே!

குறையைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். ராலின்சன் மனக்கசப்பை எளிதில் விடாதவர். 1714இல் நியூட்டன் தலைவராக இருந்த ராயல் சங்கத்தில் உறுப்பினரானவர் அவர். பழம்பொருள் ஆய்வோர் சங்கத்திலும் 1727இல் உறுப்பினரானார். பின்னால் மனம் கசந்தது. அந்தச் சங்கத்துக்கு எழுதிவைத்திருந்ததை உயிலின் இணைப்பில் ரத்து செய்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கில மொழிக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவியவர் அவர்தான். எவ்வளவு பெரிய கொடை! அதில் அவர் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். அந்த இரண்டு சங்கங்களின் உறுப்பினர் வரக்கூடாது. ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ கடல்கடந்த குடியேற்றங்களிலோ பிறந்தவர் வரக்கூடாது. மணமானவரும் வரக்கூடாது. அறிவுக்கு இப்படி வேலி போட்டது தவறு. அயர்லாந்தின் பழஞ்சுவடிகளை உயிரைப்போல் காத்தவர், அயர்லாந்தில் பிறந்தவனுக்கு நாற்காலி இல்லை என்று எழுதியது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அந்தப் பதவி 1795இல்தான் தொடங்கியது. பின்னாளில் நிபந்தனைகள் உதிர்ந்தன. 1925 முதல் 1945 வரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர் யார்? டோல்கீன்! இங்கிருக்கும் இளைஞர்கள் கொண்டாடும் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை எழுதிய அதே டோல்கீன். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், மணமானவர், நான்கு பிள்ளைகளின் தகப்பனார்.

1755இல் ராலின்சன் இறந்தபோது அவர் உடலை ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் தனியே எடுத்து, ஒரு பளிங்குக் கலசத்தில் வைத்து, செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் சிற்றாலயத்தில் வைத்தார்கள். அவருடைய விருப்பம் அது. சொத்தின் பெரும்பகுதியும் அந்தக் கல்லூரிக்கே. சுவடிகள் போட்லியனுக்கு. நாடிழந்த மன்னருக்காகத் தூக்கிலேறிய கிறிஸ்டோபர் லயர் என்பவரின் தலை டெம்பிள் பார் வாயிலில் பல ஆண்டுகள் குத்திவைக்கப்பட்டிருந்து காற்றில் விழுந்ததாம். அதை ராலின்சன் வாங்கி, தம் வலக்கையில் வைத்துப் புதைக்கச் சொன்னாராம். இப்படியும் ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே சொல்கிறேன், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி வண்டியாக வந்து இறங்கிய அந்தச் சுவடிகளைப் பார்த்து போட்லியன் நூலகம் திகைத்துப்போனது. பட்டியலிட ஆள் போதவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பகுதி முறையான பட்டியலின்றிக் கிடந்தது. வில்லியம் டன் மேக்ரே என்ற நூலகப் பணியாளர் உட்கார்ந்தார். ஏ, பி வரிசைகளின் பட்டியல் 1862இல் வந்தது. சி வரிசை 1878இல். டி வரிசை 1893இல் தொடங்கி 1900 வரை இழுத்தது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை ஒழுங்குபடுத்த இன்னொருவரின் வாழ்நாள் தேவைப்பட்டது. சேர்த்தவருக்கு ஒரு வணக்கம் என்றால், பட்டியலிட்டவருக்கும் அதே அளவு வணக்கம். இந்த அவையில் அமர்ந்திருக்கும் நூலகர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ராலின்சன் பி 502 சுவடியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இணையத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. வாங்கியவருக்கே படிக்க வராத மொழி அது, உங்களுக்கும் படிக்க வராது. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். பார்த்த பிறகு மனத்தில் எழும் கேள்விகளை எழுதிக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.